ஒரு புள்ளியில் வென்ற இரண்டு அணிகள்

2019-இல் இந்தியக் கால்பந்தின் சாம்பியன் ஒரு தமிழ்நாட்டு அணி. இன்று அந்த அணி களத்தில் இல்லை. அதே பருவத்தில், அதே ஒரு புள்ளி வித்தியாசத்தில் கோப்பையை வென்ற ரியாத் அணியின் சட்டையோ ஜவ்வாது மலையடிவாரம் வரை வந்து சேர்ந்துவிட்டது.

ஆடி வெள்ளிக்கிழமை காலை. சந்தவாசலைத் தாண்டியதுமே பஸ் ஊர்ந்துதான் போகிறது. முன்னால் டிராக்டர், பின்னால் வேன், நடுவில் தலையில் கூழ்ப்பானையோடு நடந்து போகிறவர்கள். படவேடு ரேணுகாம்பாள் கோயிலை நெருங்க நெருங்கக் கண்ணுக்கெட்டிய தூரம் மஞ்சள். மஞ்சள் சேலை, மஞ்சள் வேட்டி, மஞ்சள் பூசிய முகங்கள், இடுப்பில் வேப்பிலை. பொங்கல் அடுப்புப் புகையும் பம்பைச் சத்தமும் கலந்து மேலே போகிறது. அதற்கு மேலே ஜவ்வாது மலை.

அந்தக் கூட்டத்தில் ஒரு பையனின் மஞ்சள் மட்டும் வேறு மாதிரி இருந்தது. சட்டையின் நெஞ்சில் அரபு எழுத்து. முதுகில் 7.

"தம்பி, இது எந்த ஊரு டீமு?"

"சவூதிண்ணா. அல் நஸர். ரொனால்டோ டீமு."

"நம்ம தமிழ்நாட்டு டீம் ஒண்ணு இந்தியாவுக்கே சாம்பியன் ஆச்சே, தெரியுமா?"

"சி.எஸ்.கே.வாண்ணா?"

அதுவும் மஞ்சள்தான். அவனைக் குறை சொல்ல எதுவுமில்லை. நாம் கேட்ட அணிக்குக் கடையில் சட்டை கிடையாது, டி.வி.யில் ஆட்டம் கிடையாது, லீக் பட்டியலில் பெயரே கிடையாது. சென்னை சிட்டி எஃப்.சி. என்று ஒரு கிளப், அன்றைய தேசியக் கால்பந்து லீக்கான ஐ-லீக்கின் 2018-19 கோப்பையை வென்றது. 43 புள்ளிகள். இரண்டாவதாக வந்த ஈஸ்ட் பெங்காலுக்கு 42.

அதே பருவத்தில் சவூதி புரோ லீக்கை வென்றது பையன் நெஞ்சில் இருந்த அல் நஸர். 70 புள்ளிகள். இரண்டாவதாக வந்த அல் ஹிலாலுக்கு 69.

இரண்டு அணிகளுக்கும் கோப்பை ஒரே ஒரு புள்ளியில்தான் கிடைத்தது. இரண்டும் கடைசி நாள் ஆட்டத்தில்தான் அதை உறுதி செய்தன. அப்புறம் ஒன்று ரொனால்டோவை வாங்கியது, மற்றொன்று லீக்கிலிருந்தே காணாமல் போனது. கோப்பை ஒரு கிளப்பைக் காப்பாற்றும் என்று நம்புகிறவர்களுக்காக இந்த இரண்டு கதைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

கோவையில் ஒரு சனிக்கிழமை

2019 மார்ச் 9. கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டியும் மினர்வா பஞ்சாபும். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவும் ஈஸ்ட் பெங்காலும். சென்னை சிட்டி ஜெயித்தால் கோப்பை. தடுமாறினால், அங்கே ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால், எல்லாம் போச்சு.

மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா கோல் போட்டது. கேலரி அடங்கிவிட்டது. இடைவேளை வரை அதே 0-1. இரண்டாம் பாதியில் கிடைத்த பெனால்டியைப் பெத்ரோ மான்சி கோலாக்கினார். அதன் பிறகு வந்த இரண்டு கோல்களையும் அடித்தவர் கௌரவ் போரா. கோல் போடுவதற்காக அணியில் எடுக்கப்பட்டவரே அல்ல, தடுப்பு வேலைக்காரர். கடைசி கோல் விழுந்தபோது ஆட்டம் கூடுதல் நேரத்தில் இருந்தது. 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் பின்தங்கியிருந்து மீண்டு 2-1 என்று ஜெயித்திருந்தது. ஆக, கோவையில் இன்னொரு சறுக்கல் நேர்ந்திருந்தால் கோப்பை கொல்கத்தா ரயிலில் ஏறியிருக்கும்.

அந்த அணியைக் கட்டியவர் சிங்கப்பூர்ப் பயிற்சியாளர் அக்பர் நவாஸ். ஸ்பெயினிலிருந்து அவர் கொண்டுவந்தவர்கள் யாரும் பெரிய பெயர்கள் அல்லர். மான்சி, நெஸ்தோர் கோர்தில்லோ, சாந்த்ரோ ரோத்ரிகெஸ், ரொபெர்த்தோ எஸ்லாவா. அந்தப் பருவத்தில் மான்சி மட்டும் 21 கோல். அவர்களைச் சுற்றி எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் என்று நம் ஊர்ப் பையன்கள். பந்தை உயரத் தூக்கி அடித்துவிட்டு ஓடுகிற வழக்கமான ஐ-லீக் ஆட்டத்தை அவர்கள் ஆடவில்லை. தரையோடு, குறுகிய பாஸ்களில், பொறுமையாக நகர்த்தினார்கள். அந்த ஆட்டம் பார்க்க அழகாக இருந்தது என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

"ஐ-லீக் தானே, ஐ.எஸ்.எல். அளவுக்கு வருமா?" என்று, பணமும் நட்சத்திரங்களும் நிறைந்த இன்னொரு லீக்கான இந்தியன் சூப்பர் லீக்கை வைத்துக் கேட்டவர்களுக்கு அடுத்த மாதமே பதில் கிடைத்தது. இரண்டு லீக் அணிகளும் ஆடும் சூப்பர் கப் புவனேஸ்வரில் நடந்தது; அதன் காலிறுதியில், அந்த ஆண்டின் ஐ.எஸ்.எல். சாம்பியன் பெங்களூரு எஃப்.சி.யை 2-1 என்று வீழ்த்தியது சென்னை சிட்டி. அரையிறுதியில் கோவாவிடம் தோற்றது வேறு கதை. இறுதி ஆட்டத்தில் அந்தக் கோவாவை எதிர்கொண்டது சென்னையின் எஃப்.சி. என்ற ஐ.எஸ்.எல். அணி. கடைசி நான்கு அணிகளில் இரண்டு தமிழ்நாட்டு அணிகள்.

அதே ஆண்டு மே 14 அன்று லூதியானாவில் தமிழ்நாட்டின் சேது எஃப்.சி., மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீக் கோப்பையைத் தூக்கியது. ஆண்கள் கோப்பையும் பெண்கள் கோப்பையும் ஒரே ஆண்டில் தமிழ்நாட்டுக்கு. நமக்கு நினைவில் இருக்கிறதா? அந்த மே மாதம் நாம், ஐ.பி.எல். இறுதி ஆட்டத்தில் சி.எஸ்.கே. ஒரு ரன்னில் தோற்றதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

■ பெட்டி: ஒரே பருவம், இரண்டு கோப்பைகள்

சென்னை சிட்டி எஃப்.சி.: ஐ-லீக் 2018-19. 20 ஆட்டங்கள், 43 புள்ளிகள். கோப்பை உறுதியான நாள் 2019 மார்ச் 9. அதிக கோல்: பெத்ரோ மான்சி 21.

அல் நஸர், ரியாத்: சவூதி புரோ லீக் 2018-19. 30 ஆட்டங்கள், 70 புள்ளிகள். கோப்பை உறுதியான நாள் 2019 மே 16. அதிக கோல்: மொராக்கோவின் அப்தர்ரசாக் ஹம்தல்லா 34.

ரியாத்தில் பிறந்த மஞ்சள்

அல் நஸர் ஒன்றும் ரொனால்டோவோடு பிறந்த கிளப் அல்ல. 1955-இல் ரியாத்தின் பழைய நகர்ப்பகுதியில் அல் ஜஆபா சகோதரர்கள் தொடங்கியது. ஆரம்பத்தில் மண் தரைதான், கூட்டமும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள்தான். 1960-இல் அரச குடும்பத்தைச் சேர்ந்த அப்துல் ரஹ்மான் பின் சவூத் தலைவராக வந்தார். 2004-இல் அவர் இறக்கும் வரை, இடையில் சில இடைவெளிகள் தவிர, கிளப் அவருடைய நிழலிலேயே இருந்தது. மாஜித் அப்துல்லா என்ற சென்டர் ஃபார்வர்ட் அங்கேதான் வளர்ந்தார். ரியாத்தில் வயதானவர்களிடம் கேட்டால் ரொனால்டோவுக்கு முன் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். 2000-இல் பிரேசிலில் ஃபிஃபா முதன்முதலாக உலக கிளப் சாம்பியன்ஷிப்பை நடத்தியபோது ஆசியாவிலிருந்து போனதும் அல் நஸர்தான்.

நடுவில் நல்ல காலம், கெட்ட காலம் இரண்டும் உண்டு. வளைகுடா கிளப் என்றாலே எண்ணெய்க் கிணற்றுக்குப் பக்கத்தில் குழாய் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் 2018 வாக்கில் சவூதி கிளப்புகள் பலவற்றின் கழுத்தில் கடன். ஆட்டக்காரர்களுக்குச் சம்பள பாக்கி, வெளிநாட்டு கிளப்புகளுக்குத் தர வேண்டிய பாக்கி, ஃபிஃபாவில் வழக்குகள். நம் கதைக்குத் திருப்புமுனை இங்கேதான். 2018 மே மாதம் சவூதி அரசு கிளப்புகளின் கடனை ஒட்டுமொத்தமாகத் தீர்த்துவைத்தது. தொகை 120 கோடி ரியாலுக்கு மேல். அடுத்த பருவத்தில் அல் நஸர் சாம்பியன்.

கடைசி நாளில் அல் பாத்தினை 2-1 என்று வென்று அந்த ஒரு புள்ளியைக் காப்பாற்றியது. ஹம்தல்லா, மான்சி இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தால் பேசிக்கொள்ள நிறைய இருந்திருக்கும்.

2022 டிசம்பர் 30-இல் ரொனால்டோ கையெழுத்திட்டார். அவருடைய ஆண்டு வருமானம் 20 கோடி டாலர் அளவில் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. 2023 ஜூனில் சவூதியின் பொது முதலீட்டு நிதி, அதாவது நாட்டின் எண்ணெய்ப் பணத்தை முதலீடு செய்கிற அரசு நிறுவனம், அல் நஸர், அல் ஹிலால், அல் இத்திஹாத், அல் அஹ்லி ஆகிய நான்கு கிளப்புகளிலும் 75 சதவீதம் வீதம் எடுத்துக்கொண்டது. பெஞ்சமா, நெய்மார், மானே என்று விமானம் விமானமாக வந்து இறங்கினார்கள்.

இத்தனைக்குப் பிறகும் ரொனால்டோ வந்த முதல் மூன்று பருவங்களில் லீக் கோப்பை அல் நஸருக்குக் கிடைக்கவில்லை. இரண்டு முறை அல் இத்திஹாத், ஒரு முறை அல் ஹிலால். மான்சி 21 கோல் போட்டு ஒரு கோப்பை வாங்கித் தந்த ஊர்க்காரர்கள் இதை வாசித்து ஒரு நிமிடம் சிரித்துக்கொள்ளலாம்.

■ பெட்டி: வளைகுடா கிளப்புகள், பிறந்த ஆண்டுகள்

அல் இத்திஹாத் (ஜித்தா) 1927. முஹர்ரக் (பஹ்ரைன்) 1928. அல் அஹ்லி (ஜித்தா) 1937. ரிஃபா (பஹ்ரைன்) 1953. அல் நஸர் (ரியாத்) 1955. அல் ஹிலால் (ரியாத்) 1957. அல் ஐன் (அபுதாபி) 1968. இவற்றில் பல, இன்றைய வளைகுடா நாடுகள் சில சுதந்திரம் அடைவதற்கும் முந்தியவை.

போகி அன்று வந்த பஹ்ரைன்காரர்கள்

சென்னை சிட்டியும் ஒரு நாள் வளைகுடா அணியை நேருக்கு நேர் சந்தித்தது. ஐ-லீக் சாம்பியன் என்ற தகுதியில் 2020-இன் ஆசிய சாம்பியன்ஸ் லீக் முதல் தகுதிச் சுற்றில் இடம் கிடைத்தது. எதிரணி பஹ்ரைனின் ரிஃபா. இந்தச் சுற்றில் ஜெயித்துக்கொண்டே போயிருந்தால் சவூதி, கத்தார், ஈரான் அணிகளோடு மோதும் வாசல் திறந்திருக்கும்.

2020 ஜனவரி 14. நம் வீடுகளில் போகி. ஆட்டம் நடந்த இடம் கோவை அல்ல, சென்னையும் அல்ல. அகமதாபாத். ஆசியக் கூட்டமைப்பு கேட்கும் வசதிகள் கோவை ஸ்டேடியத்தில் இல்லை. சொந்த மண் ஆட்டம் என்று பெயர், சொந்த ரசிகர் பார்க்க வேண்டுமானால் இரண்டு ரயில் மாறிக் குஜராத் போக வேண்டும். அதற்குள் மான்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாத்தாவுக்குப் போய்விட்டார். கோர்தில்லோவும் ஏற்கெனவே கிளம்பியாயிற்று. 0-1 என்று தோற்றார்கள்.

கேவலமான தோல்வி அல்ல. 2011 ஆசியக் கோப்பையில் இதே ஜனவரி 14 அன்று இந்தியாவின் தேசிய அணி பஹ்ரைனிடம் 2-5 என்று தோற்றிருக்கிறது. ஒரே கோல் வித்தியாசம் என்பது அந்தக் கணக்கில் பார்த்தால் மரியாதையான முடிவுதான். ஆனால் பஹ்ரைன் மொத்தமே 15 லட்சம் பேர் சொச்சம் வாழும் நாடு. கோவை மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்குப்படியே 34 லட்சத்தைத் தாண்டியது. அந்தச் சின்ன நாட்டில் ரிஃபா 1953-இலிருந்து தொடர்ந்து ஆடிக்கொண்டிருக்கிறது.

மார்ச் மாதம் ஏ.எஃப்.சி. கோப்பையில் மாலத்தீவின் மாசியாவோடு 2-2 என்று ஒரு டிரா. அப்புறம் கொரோனா. போட்டியே ரத்து.

எப்படிக் காணாமல் போனது?

சென்னை சிட்டி தன் பிறப்பை 1946 என்று சொல்லிக்கொண்டது. பெருவாரியான ரசிகர்களுக்கு அது தெரிய வந்தது 2016 டிசம்பரில், ஐ-லீக்கில் நேரடி இடம் கிடைத்தபோதுதான். கூடவே இடம் பெற்ற இன்னொரு புது அணி மினர்வா பஞ்சாப். சென்னை சிட்டியின் உரிமையாளர் ரோகித் ரமேஷ். முதல் பருவம் சென்னை நேரு ஸ்டேடியத்தில். அங்கே ஏற்கெனவே சென்னையின் எஃப்.சி. இருந்தது. அபிஷேக் பச்சன், தோனி என்று உரிமையாளர் பட்டியலே போஸ்டர் போல. அதனால் சென்னை சிட்டி கோவைக்குக் குடிபெயர்ந்தது. பெயரில் சென்னை, ஆட்டம் 500 கிலோமீட்டர் தள்ளி. சென்னைக்காரர் பார்க்க முடியாது, கோவைக்காரர் பெயரைச் சொல்லிக் கத்தும்போது நெருடும். இதை அப்போதே மாற்றியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். கோயம்புத்தூர் சிட்டி என்று வைத்திருந்தால் அந்த ஊர்க்காரர்கள் அவ்வளவு சுலபத்தில் விட்டிருக்க மாட்டார்கள்.

2019 தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாஸெல் 26 சதவீதப் பங்கை வாங்கியது. 1893-இல் தொடங்கிய கிளப், ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கில் மான்செஸ்டர் யுனைடெட்டையே தோற்கடித்த பெயர். கோவையில் அகாடமி, இளைஞர் அணிகள் என்று பேச்சு. இந்தியக் கால்பந்தில் அந்நாள்களில் இதைவிட நல்ல செய்தி இல்லை.

அடியில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 2010-இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஐ.எம்.ஜி. ரிலையன்ஸோடு 15 ஆண்டு ஒப்பந்தம் போட்டது, தொகை 700 கோடி ரூபாய். அதிலிருந்து 2014-இல் ஐ.எஸ்.எல். பிறந்தது. பணமும் டி.வி.யும் நட்சத்திரங்களும் அந்தப் பக்கம் போயின. சென்னை சிட்டி சாம்பியன் ஆன அந்தப் பருவத்திலேயே ஐ-லீக் ஆட்டங்களில் பலவற்றை ஒளிபரப்பாமல் விட்டார்கள். கோபத்தில் பல ஐ-லீக் கிளப்புகள் சூப்பர் கப்பையே புறக்கணித்தன. 2019 அக்டோபரில் புதிய வரைபடம் வந்தது: ஐ.எஸ்.எல்.தான் நாட்டின் முதல் லீக், ஐ-லீக் இரண்டாம் தட்டு. ஐ-லீக் சாம்பியனுக்கு மேலே ஏறும் படிக்கட்டு 2022-23 பருவத்திலிருந்துதான்.

ஒரு சாம்பியன் அணியிடம் இன்னும் நான்கு ஆண்டு காத்திரு என்று சொன்னால் என்ன ஆகும்? ஸ்பான்சர் கிளம்புவார். நல்ல ஆட்டக்காரரை ஐ.எஸ்.எல். அணி தூக்கிக்கொண்டு போகும். ஐ-லீக் சாம்பியனுக்கான பரிசு 1 கோடி ரூபாய். அணியை ஓட்ட அது ஒரு மூலைக்கும் காணாது. எட்வின் சென்னையின் எஃப்.சி.க்கும், அஜித்குமார் பெங்களூருக்கும், ரொமாரியோ கோவாவுக்கும் போனார்கள். ஆட்டக்காரர்களுக்கு அது உயர்வுதான். அணிதான் காலியானது.

2020-21 ஐ-லீக் கொரோனாக் கட்டுப்பாட்டில் வங்காளத்தில் நடந்தது. அதில் ஆடியதுதான் கடைசி. அடுத்த பருவத்துப் பட்டியலில் சென்னை சிட்டியின் பெயர் இல்லை, கிளப் உரிமம் கிடைக்கவில்லை. கோப்பை தூக்கி மூன்றாண்டுகூட முழுதாக ஆகவில்லை. அதன் பிறகு ஐ-லீக்கில் தமிழ்நாட்டு அணி என்று ஒன்று வரவே இல்லை.

சாம்பியன் மறைவது தமிழ்நாட்டுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. சீனாவின் ஜியாங்சு அணி 2020 நவம்பரில் நாட்டின் சாம்பியன் ஆனது. 2021 பிப்ரவரி கடைசியில் கதவைச் சாத்தியது. மூன்றே மாதம். அங்கேயும் பின்னால் நின்றது ஒரே ஒரு நிறுவனம்.

படவேட்டில் இதைக் கேட்டால் யாருக்கும் பெரிய ஆச்சரியம் இருக்காது. இந்த ஊர் 14-ஆம் நூற்றாண்டில் சம்புவராயர்களின் தலைநகர். விஜயநகரத்துக் குமார கம்பணன் படையெடுத்து வந்த பின் அந்த அரசு போயிற்று. கோயில்கள் மண்ணுக்குள் போயின. நம் காலத்தில்தான் அவற்றைத் தோண்டி, கல்லைக் கல்லோடு சேர்த்து எழுப்பினார்கள். தோண்டி எடுக்க ஆளும் பணமும் வெளியிலிருந்து வரவேண்டியிருந்தது. சென்னை சிட்டியைத் தோண்டி எடுக்க இதுவரை யாரும் மண்வெட்டியோடு வரவில்லை.

■ பெட்டி: அன்று ஆடிய நால்வர், பிறகு என்ன ஆனார்கள்?

2019 மார்ச் 9 அன்று ஒரே நேரத்தில் களத்தில் இருந்த நான்கு அணிகள் இவை.

ஈஸ்ட் பெங்கால்: ஒரு புள்ளியில் கோப்பையை இழந்தது. 2020-இல் புதிய முதலீட்டாளருடன் ஐ.எஸ்.எல்.லில் சேர்ந்தது.

மினர்வா பஞ்சாப்: அன்று 1-3 தோல்வி. ரவுண்ட்கிளாஸ் நிறுவனம் வாங்கியது, பெயர் மாறியது. 2022-23 ஐ-லீக்கை வென்று, விளையாட்டு முறைப்படி ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறிய முதல் அணி ஆனது.

கோகுலம் கேரளா: 2020-21, 2021-22 என அடுத்தடுத்து ஐ-லீக் சாம்பியன். அப்போது படிக்கட்டு திறக்கவில்லை, மேலே ஏற முடியவில்லை.

சென்னை சிட்டி: அன்று சாம்பியன். 2021-க்குப் பிறகு ஐ-லீக்கில் இல்லை.

மலையடிவாரத்துக்கு என்ன நஷ்டம்?

கோவையில் ஒரு கிளப் மூடினால் திருவண்ணாமலை மாவட்டத்து மலையடிவாரத்துக்கு என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்தப் பக்கம் மாலை ஆனால் வாலிபால் நெட்டும் கிரிக்கெட் ஸ்டம்பும்தான். திருவிழாக் காலத்தில் கபடி. வாழைத் தோப்புகளுக்கு நடுவே கால்பந்துக்கு என்று கோல்கம்பம் நட்ட இடம் தேடித்தான் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் கால்பந்துக்கு என்று ஊர்கள் இருக்கின்றன. வடசென்னையின் வியாசர்பாடி, கன்னியாகுமரிக் கடற்கரையின் தூத்தூர், இரவிபுத்தன்துறை. இரவிபுத்தன்துறையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டியில்தான் 2017-18-இல் பெயர் வாங்கினார், அங்கிருந்து ஐ.எஸ்.எல். போனார். அந்த ஊர்களில் அண்ணன் ஆடுவதைப் பார்த்துத் தம்பி ஆடுகிறான், தெருவே அகாடமி. படவேடு போன்ற ஊர்களில் அந்தச் சங்கிலி கிடையாது. இங்கே ஒரு பையனுக்குக் காலில் திறமை இருந்தால் பள்ளி அணி, மாவட்ட அணி, அரசு விளையாட்டு விடுதி, அப்புறம் ஒரு தொழில்முறை கிளப் என்று படிப்படியாகப் போக வேண்டும். முன்பு இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப். போன்ற நிறுவன அணிகள் அந்தக் கடைசிப் படியாக இருந்தன. நன்றாக ஆடினால் அரசு வேலை நிச்சயம், அம்மாவுக்கும் நிம்மதி. இந்தியன் வங்கி தேசிய லீக்கிலேயே ஆடிய அணி. அந்தப் படிகள் தேய்ந்த பின் வந்ததுதான் சென்னை சிட்டி போன்ற கிளப். அது உள்ளூர்ப் பையன்களுக்கு ஆட்ட நேரம் கொடுத்தது. ஐ.எஸ்.எல். அணியின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைவிட ஐ-லீக்கில் 20 ஆட்டம் முழுசாக ஆடுவது ஓர் இளைஞனை வேகமாக வளர்க்கும். எட்வினும் ரொமாரியோவும் அதற்குச் சாட்சி.

இடையில் இருந்த அந்தப் படி இப்போது இல்லை. மேலே ஐ.எஸ்.எல்.லில் ஒரே ஒரு சென்னையின் எஃப்.சி. கீழே மாவட்ட லீக். நடுவில் தாண்ட வேண்டிய தூரம் ஒரு பையனின் காலுக்கு எட்டாதது.

வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு வளைகுடா புதிதும் அல்ல. வெல்டிங், டிரைவிங், கட்டட வேலை என்று போனவர்கள் உண்டு. அல் நஸர் சட்டை போடும் பையன் ஒருநாள் ரியாத்துக்குப் போவான் என்றால், இன்றைய நிலவரத்தில் அது கட்டட வேலைக்காக இருக்கும் வாய்ப்புத்தான் அதிகம். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறையில் கேம்ப் பக்கத்துக் காலி மனையில் அவனும் பந்து ஆடுவான்.

யார் கையில் கிளப்?

வளைகுடா வழிதான் சரி என்று சொல்ல வரவில்லை. அரசு நிதி கிளப்பை வாங்கினால் கிளப் பிழைக்கும், அது உண்மை. யார் தலைவர், எந்த ஆட்டக்காரர், எந்த அணிக்கு எவ்வளவு என்பதெல்லாம் ஒரே அலுவலகத்தில் முடிவாகும் என்பதும் உண்மை. ஒரு லீக்கின் நான்கு பெரிய அணிகளுக்கும் ஒரே முதலாளி என்றால் அது என்ன போட்டி என்று உலகம் முழுவதும் கேட்கிறார்கள். நாட்டின் மனித உரிமைப் பிரச்சினைகளைப் பந்தைக் காட்டி மறைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் இருக்கிறது. இன்று திறந்த கை நாளை மூடினால் ரசிகர்கள் கேட்க வழியில்லை. சென்னை சிட்டியில் அந்தக் கை தனியாருடையது, ரியாத்தில் அரசுடையது. வித்தியாசம் பணப்பையின் ஆழத்தில்தான்.

கையை மாற்றிக் காட்டியவர்கள் பாஸெல் ரசிகர்கள். கோவையில் பங்கு வாங்கிய செய்தி வந்ததுமே அவர்கள் கேலரியில் பேனர் பிடித்து எதிர்த்தார்கள். நம் ஊர்ப் பணத்தை இந்தியாவில் எதற்குப் போடுகிறாய் என்பது அவர்கள் கேள்வி. கேட்க நமக்குக் கசக்கும்தான். ஆனால் அவர்கள் அத்தோடு நிற்கவில்லை. அந்த முதலீட்டை முடிவு செய்த தலைவர் பெர்ன்ஹார்ட் புர்கெனருக்கு எதிரான போராட்டம் 2021 வசந்தத்தில் உச்சத்துக்குப் போனது. கடைசியில் அவர் விலகினார், பாஸெலின் முன்னாள் ஆட்டக்காரர் தாவித் தேகென் பொறுப்புக்கு வந்தார். கோவையில் அதே ஆண்டில் அணி உரிமம் இழந்தபோது பேனர் பிடிக்க ஆள் இல்லை. பேனரை யாரிடம் காட்டுவது என்பதே ரசிகர்களுக்குத் தெரிந்திருக்காது.

 

இனி சென்னையின் எஃப்.சி.க்கு வருவோம். இரண்டு முறை ஐ.எஸ்.எல். சாம்பியன், 2015-இலும் 2018-இலும். 2025 ஜூலையில், கூட்டமைப்போடு இருந்த 15 ஆண்டு ஒப்பந்தம் முடியப் போகிறது, புதிய ஒப்பந்தம் இல்லை என்று சொல்லி ஐ.எஸ்.எல். பருவத்தையே நடத்துநர்கள் நிறுத்திவைத்தார்கள். அடுத்த மாதம் சென்னையின் எஃப்.சி. தன் முதல் அணியின் செயல்பாடுகளை நிறுத்துவதாக அறிவித்தது. இரண்டு கோப்பையும் நட்சத்திர முதலாளிகளும் இருந்தும் அதுதான் அன்றைய நிலைமை. சூப்பர் மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் ப்ளூஸ் என்று அந்த அணிக்கு உயிரை விடும் ரசிகர் மன்றங்கள் உண்டு. வெளியூர் ஆட்டத்துக்குச் சொந்தச் செலவில் ரயிலேறிப் போகிறவர்கள், மழையில் டிரம் அடிக்கிறவர்கள். அந்த ஆகஸ்டில் அவர்களுக்கும் செய்தி கிடைத்தது நமக்குக் கிடைத்தது போலத்தான், போனில்.